பொய்யாக வையத் தெரியாதவள்

எங்கள் தெருவில் வைகிறவர்களுக்குப் பஞ்சம் கிடையாது. குழாயடியில் இரண்டு குடம் முட்டிக்கொண்டால் போதும், ஏழு தலைமுறையும் தெருவுக்கு வந்துவிடும். ஆனால் சித்தி வைதால் மட்டும் வாங்கினவர் வாயைத் திறக்க மாட்டார். காரணம் ரொம்பச் சாதாரணம். சித்தி ஒருநாளும் பொய்யாக வைததில்லை. ‘நாசமாப் போ’, ‘கட்டையில போ’ என்கிற சாபமெல்லாம் அவள் வாயில் வராது. கெட்ட வார்த்தை வராது. நீங்கள் என்ன செய்தீர்களோ அதை, செய்த மாதிரியே, கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரலில் சொல்லுவாள். அவ்வளவுதான். அதற்குப் பயந்தே பாதித் தெரு அவள் வாசலைத் தாண்டும்போது நடையை எட்டிப் போடும்.

சொந்தச் சித்தி இல்லை. எதிர்வீடு. நான் கல்யாணமாகிக் கம்பம் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்கு வந்தபோது, அவள் வீட்டுக்காரர் காலமாகி, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். தெருவே சித்தி என்றது. நானும் சித்தி என்றேன்.

ஒருநாள் டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் வெகுதூரம் தள்ளிப் போய் நின்றது. கூடையும் கையுமாக ஓடிப்போய் ஏறிய பொம்பளைகள் அத்தனை பேரும் கண்டக்டரைப் பிடி பிடியென்று பிடித்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தான். சித்தி மூச்சு வாங்கி முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“ஏலே, நீ மார்க்கையன்கோட்டைக் கீரைக்காரர் மகன்தான? உங்கப்பா கீரைக்கட்டத் தலையில வச்சுக்கிட்டு இதே மாதிரி பஸ்ஸுக்குப் பின்னால ஓடுவாக. நான் பாத்திருக்கேன். நிப்பாட்டச் சொல்லிக் கத்தியிருக்கேன். இப்ப நீ ஓட விடுற.”

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் பிறகு அந்தப் பஸ் நிறுத்தத்தில் நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரும் தப்பவில்லை. பூசை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் போய், “சாமி, போன வருசம் இதே ஞாயித்துக்கிழமைக்குப் பிரசங்கத்துல இதே கதையத்தான் சொன்னீக. அப்பயும் அந்த ஆடு தொலஞ்சு போச்சு, இப்பயும் தொலஞ்சு போச்சு. நடுவுல நீங்க ஒண்ணும் படிக்கலையாக்கும்?” என்றாள். பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் பூமியைப் பார்த்தோம். சாமியார் நல்ல மனுஷர். அடுத்த வாரம் புதிதாக ஒன்று சொன்னார். அது அவ்வளவு நன்றாக இல்லை. சித்தி அதையும் சொன்னாள்.

என்னை அவள் கூப்பிடுவது ‘ஊமச்சி’ என்று. “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? கேட்டா சொல்லு, கேக்காட்டியும் சொல்லு” என்பாள். எங்கள் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். திராட்சைத் தோட்டம் உண்டு, அவர் உண்டு. ஆனால் எதற்கும் ஒரே ஒரு பதில் வைத்திருப்பார்: “காலைல பாத்துக்கிடலாம்.” காய்ச்சலா, காலையில். ஓடு ஒழுகுகிறதா, காலையில். காலையில் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் பத்தொன்பது வயதில் வந்தவள். புருஷனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பா காமயகவுண்டன்பட்டியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒருநாள் பொழுதடையத் தம்பி போன் போட்டு, “அக்கா, உடனே கிளம்பி வா” என்றான். நான் சேலையை மாற்றிப் பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பன்னீர் திராட்சை லோடு. ஏற்றி அனுப்பிவிட்டுக் களைத்துப்போய் வந்தவர், “காலைல போவோம்” என்று படுத்தார். பைக்கில் போனால் கொஞ்ச தூரம்தான். விடியுமுன் அப்பா போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த சித்தி என் காதருகில் கேட்டாள்: “ஏத்தா, நேத்து ஏன் வரல?” சொன்னேன். அவள் முகம் மாறியது. எழுந்து நேரே ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு நடந்தாள். நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “வேணாம் சித்தி. என் மானம் போயிரும்.” சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவன் கூட்டிட்டுப் போகல, சரி. உனக்குக் காலு இல்லையா? என் வீட்டுக் கதவத் தட்டியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?” என்றாள். அதுவும் நிஜம்தான். அன்றைக்கு அழுததில் பாதி அதற்காக அழுதேன்.

இவ்வளவும் சொன்னது அந்த மலைப் பயணத்தைச் சொல்வதற்காகத்தான்.

எங்கள் அன்பியத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பம். பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்துச் செபத்துக்காகப் பங்கில் போட்ட குழு. வருஷா வருஷம் வேன் பிடித்து வேளாங்கண்ணி போவோம். அந்த வருஷம் இளசுகள் பிடிவாதம் பிடித்து மலையேற்றம் என்றார்கள். வனத்துறையில் அனுமதி வாங்கி, சின்னமனூரிலிருந்து ஜீப்பில் மேகமலைக்கு ஏறி, அங்கிருந்து சோலைக்காட்டுக்குள் நடந்து, ஒரு பழைய எஸ்டேட் கட்டடத்தில் இரவு தங்கி, மறுநாள் இறங்குவது என்று ஏற்பாடு. கல்சுவர், தகரக் கூரை, வெளியே யானைக்காக வெட்டிய அகழி. குடில் என்று பெயர் வைத்திருந்தார்கள். சித்தியை வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். “நான் வராட்டி உங்களுக்கு வழி நெடுகச் சந்தோசமா இருக்கும்ல, அதுக்காகவே வாரேன்” என்று கான்வாஸ் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு முதல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மழை தூறிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் அட்டை. உப்பு கட்டிய துணியைக் காலில் ஒற்றிக்கொண்டே நடந்தோம். குடிலுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் வீட்டுக்காரர் புல்லுக்குள் ஒரு கல்லில் உட்கார்ந்து அட்டை பிடுங்கினார். சுரீரென்று ஏதோ கடித்ததும், “பெரிய அட்டை போல” என்று சொல்லி, உப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு எழுந்து நடந்தார். குடிலுக்கு வந்து டீ குடிக்கும்போது செருப்புக்குள் கால் அடங்கவில்லை. “என்னங்க இது?” என்றேன். “ஒண்ணும் இல்ல. காலைல பாத்துக்கிடலாம்” என்றார்.

எங்களுக்கு வழிகாட்ட வந்த வனத்துறை வாச்சர் டார்ச் அடித்துப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. சுற்றிலும் கருநீலமாக வீங்கியிருந்தது.

“அட்டை இல்லண்ணே இது” என்றார் வாச்சர். “பாம்பு.”

போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. வாச்சர் ஒயர்லெஸ்ஸில் பேசினார். கரகரவென்று பதில் வந்தது. எங்களை இறக்கிவிட்டுப் போன ஜீப்புக்குப் பின்னாலேயே பாதையில் மண் சரிந்துவிட்டது. அள்ளிப் போட்டுவிட்டு, எஸ்டேட் பாதையில் சுற்றிக் குடில்வரை ஜீப் ஏற விடிந்துவிடும். தூக்கிக்கொண்டு நடக்கலாமா என்று கேட்டோம். வந்த பாதையில் யானைக்கூட்டம் நிற்கிறது என்றார். குட்டியோடு. “காலை அசைக்காம படுக்க வைங்க. விடியட்டும்” என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

கயிறு கட்டவேண்டும் என்றார் ஒருவர், கட்டக்கூடாது என்றார் வாச்சர். பாம்பு கடித்தவனைத் தூங்கவிடக்கூடாது, தூங்கினால் விஷம் தலைக்கேறும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. எங்கள் பக்கம் இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். மிளகு கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். “காரமா இருக்கா?” “இருக்கு.” கொஞ்சம் கழித்து மறுபடி கொடுத்தார்கள். “காரமா இருக்கா?” அவர் யோசித்தார். “தெரியல” என்றார். காரம் தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்பார்கள். எங்கள் பிள்ளைகள் இருவரும் கீழே ஹாஸ்டலில் இருந்தார்கள். அவர்கள் முகம் வந்து வந்து நின்றது.

பெண்கள் முழங்கால் போட்டுச் செபமாலை தொடங்கினார்கள். முதல் பத்து மணி முடியவில்லை, அவர் கண் சொருகியது.

“நிப்பாட்டுங்க!” என்று சித்தி கத்தினாள். “கோயில்லயே இவன் மூணாவது மணியில கொறட்டை விடுறவன். இங்கன செபமாலை சொன்னா முழிச்சா இருப்பான்? நீங்க அந்த ரூம்புல போய்ச் சொல்லுங்க. மாதா அங்கயும் கேப்பாக.”

அவர்களைக் கிளப்பிவிட்டு அவர் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு தொடங்கினாள்.

“ஏலே! கண்ணத் தொற. பொண்டாட்டிய பைக்குல ஏத்திக்கிட்டு வந்தியே, சின்னமனூரு ரோட்டு வேகத்தடையில அவ விழுந்து கெடந்தா. நீ வீட்டு வாசல்ல வந்து ஸ்டாண்டு போட்டப்பறந்தான திரும்பிப் பாத்த?”

அவர் கண் திறந்தது. “அது… பள்ளம், சித்தி. வேகத்தடை இல்ல.”

“ஓ, பள்ளத்துல விழுந்தா பொண்டாட்டி இல்லையோ? எங்க வீட்டுல ஏணி எரவல் வாங்கிட்டுப் போன. ஒரு படி ஒடஞ்சு வந்துச்சு. யாருலே ஒடச்சது?”

“ஏற்கனவே விரிசல் இருந்துச்சு.”

“இருந்துச்சு. நீ ஏறவும் முடிஞ்சுச்சு.”

அப்படியே போனது. அவர் சின்ன வயதில் கோயில் மணிக்கயிற்றை அறுத்துவிட்டு அடுத்தவனை மாட்டிவிட்டது. தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு விடாமல் காயவிட்டது. எது சொன்னாலும் அவருக்கு ஒரு மறுப்பு இருந்தது. மறுக்க வேண்டுமென்றால் விழிக்க வேண்டுமே. பயமும் அழுகையுமாக உட்கார்ந்திருந்த நான் நடுவில் ஒருமுறை சிரித்துக்கூட விட்டேன். அப்படிச் சிரித்ததற்கு என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் மனிதர் எத்தனை நேரம் தாங்குவார்? பதில் வருவது நின்றது. வெறும் ‘உம்’ வந்தது. அதுவும் நின்றது. சித்தியின் குரல் கம்மி, கீச்சென்று ஆகி, கடைசியில் காற்று மட்டும் வந்தது. தகரத்தின்மேல் மழை இறைந்து கொட்டியது. அந்தச் சத்தத்தில் அவள் சொல்வது எனக்கே கேட்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து இழுத்து என் காதில் சொன்னாள்.

“இனி நீ வையி, ஆத்தா.”

“எனக்கு வரலையே சித்தி.”

“வரணும். எங்கிட்ட நெசம் தீந்துபோச்சு. மிச்சம் உங்கிட்டத்தான் இருக்கு.”

நான் அவர் தோளைத் தொட்டேன். “என்னங்க, தூங்காதீக. என்னங்க.” சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். “தாலாட்டா பாடுற?” என்று வாயசைத்தாள். நானும் முயன்றேன். “நீங்க நல்லவரே இல்ல. உங்களக் கட்டி நான் என்ன சொகத்தக் கண்டேன்” என்று தெருவில் கேட்ட வசனத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் இமைகூட அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து தலை சாய்ந்தது. சித்தி என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்து, காதில் வாயை வைத்துச் சீறினாள். “பொய்யி! பொய்யா வஞ்சா தூங்கத்தான் செய்வான்!”

அந்த அறையில் எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது. நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினேன்.

“எங்கப்பா வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாக! ‘மக வந்துட்டாளா, மக வந்துட்டாளா’ன்னு கேட்டாகளாம். தம்பி சொல்லி அழுதான். நான் பையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுக் கதவுகிட்ட உக்காந்திருந்தேன். நீ வந்த. என் பையப் பாத்த. பாத்துட்டுத்தான் ‘காலைல போவோம்’னு படுத்த. படுத்ததும் கொறட்டை. அந்தக் கொறட்டையக் கேட்டுக்கிட்டே விடிய விடிய முழிச்சிருந்தேன்ல நான்? இன்னிக்கு நீ முழி! தூங்கின, உன்ன நான் மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மன்னிக்க மாட்டேன். காலைல பாத்துக்கிடலாம்னு நெனைக்காத. காலைல நீ இருக்க மாட்ட!”

அவரை நான் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல்தடவை. பக்கத்து அறையில் செபமாலை பாதியில் நின்றுபோயிருந்தது. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அவர் கண்ணைத் திறந்தார். மறுத்துப் பேசவில்லை. பள்ளம் என்றோ விரிசல் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. என்னையே பார்த்தபடி கிடந்தார். ஜீப் சத்தம் கேட்கும்வரை அந்தக் கண் மூடவில்லை. நானும் பேச்சை நிறுத்தவில்லை. அப்பா செத்த கதையையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மறந்துபோனதெல்லாம் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். ஏதோ விரியன் வகை என்றார்கள். கால் வீக்கம் வடிய வெகுநாள் ஆனது, ஆனால் உயிருக்கு ஒன்றும் இல்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டு, “ராத்திரி பூரா தூங்க விடாம பாத்துக்கிட்டோம் டாக்டர்” என்றேன், ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி.

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு, “எதுக்கும்மா?” என்றார். “விஷத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. நல்லாத் தூங்க விட்டிருக்கலாம். அசையாம கெடந்தாப் போதும். நீங்க சத்தம்போட்டு அவர் நெஞ்சு படபடன்னு அடிச்சதுதான் மிச்சம்.”

“மிளகு காரம் தெரியலன்னாரே?”

“பயத்துல நாக்கு வறண்டிருக்கும்.”

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை, ஊர் கேட்க, சாகக் கிடந்த மனுஷன் முகத்துக்கு நேரே கொட்டியாகிவிட்டது. எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. தூங்கியிருந்தாலும் பிழைத்திருப்பார். கொட்டினதை இனி அள்ள முடியுமா?

நேரே சித்தி வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவள் சுக்குக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், குரல் இன்னும் திரும்பவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிசுகிசுப்பாகச் சொன்னாள்: “அப்படியா? அது எனக்குத் தெரியாது, ஆத்தா. தப்புத்தான். என்னைய வையி.”

“உங்கள வைய எங்கிட்ட என்ன இருக்கு?”

“தேடிப் பாரு. இருக்கும்.”

வீட்டுக்கு வந்த மனுஷர் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். மாத்திரை கொடுத்தால் விழுங்கினார். முன்பு படுத்ததும் தூங்குகிறவர், இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ‘காலைல பாத்துக்கிடலாம்’ என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போனது. நான் எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏங்கிப்போனேன். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பிழைக்க வைத்து இழந்துவிட்டேனோ என்று அடுப்படியில் நின்று அழுவேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைப்பேன். ஆனால் எதற்கு மன்னிப்பு? நான் சொன்னதில் எது பொய்?

அடுத்த தவக்காலத்தில் சித்தி போய்ச் சேர்ந்தாள். நெஞ்சுவலி. காலையில் குழாயடியில் ஒருத்தியை வைதுவிட்டு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மகள் திருப்பூரிலிருந்து வந்து அலறினாள். இறந்தவளைப் புகழவேண்டும் என்று பந்தலில் எல்லோரும் வாயைத் திறந்தார்கள், திறந்தவர்களுக்கு நினைவு வந்ததெல்லாம் அவள் தங்களை வைததுதான். அதையே சொல்லிச் சொல்லி அழுதார்கள். டவுன் பஸ் கண்டக்டர் மாலையோடு வந்தான். எங்கள் வீட்டுக்காரர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி கல்லறைவரை பெட்டிக்குத் தோள் கொடுத்தார். ஒருவர் மாற்றிக்கொள்ள வந்தபோதும் விடவில்லை.

அடக்கம் முடிந்து வந்து குளித்தோம். மத்தியான வெயில். கயிற்றுக் கட்டிலில் படுத்தார். நான் கீழே முந்தியை விரித்துச் சாய்ந்தேன். எதிர்வீட்டில் மகள் பாத்திரங்களை ஒழித்துப்போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“தூங்கிட்டியா?” என்றார்.

“இல்ல.”

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, “அன்னிக்கு உன் பையப் பாத்தேன். பாத்துட்டுத்தான் படுத்தேன்” என்றார்.

நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அவரே கேட்டார்.

“இன்னும் இருக்கா?”

“என்னது?”

“எனக்குச் சொல்லாம வச்சிருக்கிறது.”

‘ஒண்ணும் இல்ல’ என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருஷம் அதைத்தான் சொல்லிப் பழக்கம். சொல்லியிருந்தால் அவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார், நானும் தூங்கியிருப்பேன்.

“இருக்கு” என்றேன்.

“சொல்லு.”

நான் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டேன்.

“அப்ப எந்திரிச்சு உக்காருங்க. படுத்துக்கிட்டுக் கேக்குற சங்கதி இல்ல.”

அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, கடிபட்ட காலைத் தொங்கவிட்டு, என் எதிரே உட்கார்ந்தார்.